முதலில் விழக் கற்றுக்கொடுத்தார்கள்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் மார்கழிக் காலையில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "என்னா குளிரு!" என்று கோலம் போடுகிறவள் நான். பனிச்சறுக்குக் கற்க வந்து, காஷ்மீரின் குல்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கினேன். அம்மாடி! மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் மலைக்கோட்டைப் பாறையோ 83 மீட்டர்தான். அதை முப்பது தடவைக்கு மேல் அடுக்கினால்தான் இந்த ஊருக்கு எட்டும்!

விடுதியில் நூன் சாய் தந்தார்கள். ரோஜா நிறத்தைப் பார்த்துப் பாயசம் என்று உறிஞ்சினால், உப்பு! இரண்டாவது மிடறில் பிடித்துப்போயிற்று. தந்தவரின் ஃபெரன் அங்கிக்குள்ளிருந்து கரி வாசம் வந்தது. காங்கிரியாம்: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கனல். சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டு நாம் அக்கினிச்சட்டி எடுப்போம். இவர்கள் தினம் தினம் நெருப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள்!

வெள்ளைக்காரர்கள் 1927-லேயே இங்கே பனிச்சறுக்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். கோடையில் கோல்ஃப் ஆடும் புல்வெளிதான் பனி மூடியதும் எங்களைப் போன்ற புதியவர்களுக்குப் பள்ளிக்கூடம். பூட்ஸின் கொக்கிகளை மாட்டியதும் கணுக்கால் அசையவில்லை. முதலில் ஒரு காலில் மட்டும் பலகை, அப்புறம்தான் இரண்டிலும். சறுக்கச் சொல்வார் என்று காத்திருந்தால், ஆசிரியர் சொன்னது வேறு.

"தீதி, விழுங்க."

பக்கவாட்டில், மேட்டுப்பக்கமாக, இடுப்பு படும்படி விழ வேண்டும். எழும்போது பலகைகள் நமக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுவதற்குள் அவை ஓடிவிடும். அடுத்த பாடம் நிற்பது. முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளியே தள்ளினால் பலகைகள் கூரை முகடு போலச் சேரும். உள்விளிம்பு பனியைக் கீறும் அந்தக் கர்ர்ர் ஓசை எவ்வளவு ஆறுதல்! விழவும் நிற்கவும் வந்த பிறகுதான் சறுக்கல். எத்தனை கரிசனமான வரிசை இது!

வாடகைச் சைக்கிளில் நான் குரங்குப் பெடல் போட்ட நாளில் அப்பா பின்சீட்டைப் பிடித்தபடி ஓடிவந்தார். இந்த மனிதரோ என் முன்னால், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கியே சறுக்குகிறார்! இரண்டு கைகளும் என்னை நோக்கி நீண்டிருக்கின்றன. "காலைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. ஆராம் சே, ஆராம் சே." மெதுவாக, மெதுவாகவாம். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது, சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்பதில்லை. முழங்காலை மடக்கி, கெண்டைக்காலின் முன்னெலும்பு பூட்ஸில் அழுந்த, அந்தப் பள்ளத்தை நோக்கியே குனிய வேண்டும். மனசு வருமா? அவர் முகத்தைப் பார்த்தேன். வந்தது.

மூன்றாம் நாள், தனியாக, ஒரு தென்னை நீளத்துக்குச் சறுக்கிப் போய், கூரை போட்டு நின்றேன். கை விறைத்திருந்தும் உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"விழுந்தியாம்மா?"

"ஒம்பது தடவைப்பா!"

"அப்பச் சரி," என்றார்.