இதயநோயுடன் பிறந்த பிள்ளையும் விளையாட வேண்டும்

பிள்ளை முதலடி எடுத்து வைத்த நாளை எந்தத் தாயும் மறப்பதில்லை. ஆனால் என் தங்கை எப்போது நடந்தாள் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அவளை நாங்கள் நடக்க விட்டதே குறைவு.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தபோது, 1998 இல் அவள் பிறந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பால் குடிக்கும்போதே களைத்து வியர்த்துவிடுவாள். அழுதால் உதடும் நகக்கண்களும் நீலமாகிவிடும். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். பாதை பூட்டியிருந்த காலம் அது. வவுனியா போவதற்கே பாஸ் வேண்டும். 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னரே எங்களுக்கு வழி பிறந்தது. 2003 இல் சத்திரசிகிச்சை நடந்தது.

அந்த ஐந்து வருடமும் 'அவளை அழவிடக் கூடாது' என்பதே எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா, அம்மம்மா, நான் என்று முறைவைத்து இடுப்பில் தூக்கிவைத்திருந்தோம். வாய் திறந்து கேட்பதற்கு முன்னரே எதையும் கையில் கொடுத்தோம். மண்ணில் விடவில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர விடவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் நீலம் மறைந்தது. இனி எல்லாம் சரி என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். ஆனால் முதலாம் வகுப்பில் சேர்த்தபோது அவளுக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. பேச்சும் தெளிவில்லை. "பிள்ளை கொஞ்சம் மந்தம்" என்றார் ஓர் ஆசிரியர். கொழும்பில் சத்திரசிகிச்சை அறை வாசலில்கூட அழாத அம்மா அன்று அழுதார்.

என் தங்கை மந்தமானவள் அல்ல என்பதைப் பின்னாளில் இந்த வேலைக்கு வந்து படித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேரளவில் இதயக் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். இவர்களில் பலருக்கு, குறிப்பாகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு, நடை, பேச்சு, கைவேலை, கவனம் ஆகியவை பிந்தி வரலாம். கருவில் இருக்கும்போதே மூளைக்குப் போகும் ஒட்சிசன் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். அப்படியான குழந்தைகள் மாதம் நிறைந்து பிறந்தாலும் மூளை வளர்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியுள்ளன. அத்துடன் இதயத்துக்கும் மூச்சுக்குமே கூடுதல் சக்தி செலவாவதால் உடம்பு தேறுவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2012 இல் வெளியிட்ட வழிகாட்டலில், இதயத்தை மட்டுமன்றி இப்பிள்ளைகளின் அசைவு, பேச்சு, கற்றல் ஆகியவற்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று கூறியது.

இவை எங்கள் கையில் இல்லாத காரணங்கள். எங்கள் கையில் இருந்த காரணமும் ஒன்று உண்டு. அது எங்களுடைய பயம்.

கடந்த ஆண்டு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தாயைச் சந்தித்தேன். மகனுக்கு ஒன்றரை வயது. இதயத்தில் ஓட்டை. கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தார்கள். முதல் இரண்டு முறை போனபோது நான் போக்குவரத்துப் பணம், கடிதங்கள் ஆகியவற்றை மட்டுமே பார்த்தேன். மூன்றாம் முறைதான் கவனித்தேன். அந்தப் பிள்ளையை ஒருநாளும் நான் நிலத்தில் காணவில்லை.

"கொஞ்சம் கீழ விடுங்கோவன் தங்கச்சி" என்றேன்.

"ஏலாது அக்கா. மூத்தவனை 2009 இல மண்ணிலதான் விட்டிட்டு வந்தனான்" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. படித்த சமூகவியலில் இதற்குப் பதில் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்து என் தங்கையின் கதையைச் சொன்னேன். அடுத்த கிளினிக்குக்கு அவரோடு நானும் போனேன். "விளையாடட்டும், களைத்தால் தானாகவே நிற்பான்" என்று வைத்தியரே சொன்ன பிறகுதான் அந்தத் தாய்க்கு மனம் சற்று இளகியது.

முற்றத்தில் பாய் விரித்து, தாயின் மடிக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் தொடங்கினோம். சிரட்டைகள், மூடி இறுக்கிய போத்தல், பனையோலைக் கிலுகிலுப்பை, இவைதான் விளையாட்டுச் சாமான்கள். பொருளைச் சற்றுத் தள்ளி வைத்து, அவன் எட்டி எடுக்கும்வரை பொறுத்திருந்தோம். பேர் சொல்லிப் பேசினோம், பாடினோம்.

இது வெறும் ஆறுதல் வேலை அல்ல. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 1987 ஆம் ஆண்டுகளில், வளர்ச்சி குன்றிய 129 சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. சில வீடுகளுக்கு இரண்டு வருடங்கள் வாரம் ஒரு மணித்தியாலம் சுகாதார ஊழியர் சென்று, வீட்டுப் பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார். அந்தப் பிள்ளைகள் இருபது வயது தாண்டியபோது, அப்படிப் பழக்கப்படாதவர்களைவிட 25 வீதம் அளவில் கூடுதலாக உழைத்தார்கள். அவர்கள் இதயநோயாளர்கள் அல்லர். ஆனாலும் வளர்ச்சி பிந்திய பிள்ளைக்குத் தாயின் விளையாட்டு எவ்வளவு பெறுமதியானது என்பதை இது காட்டுகிறது.

இவ்வாறான பிள்ளையுள்ள தாய்மாருக்குச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். எந்த விளையாட்டுக் கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் கூடாது என்று சொன்னதை மட்டும் தவிருங்கள். பால் குடிக்கக் களைத்தால், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். பிள்ளை திடீரென நீலமாகி மூச்சு முட்டினால், முழங்கால்களை நெஞ்சோடு மடித்துப் பிடித்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளையை, வைத்தியர் சொல்லும் காலம்வரை அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டாம். தலைக்கும் பின்பக்கத்துக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள். கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் நிறையை மட்டும் பார்க்காமல், இருத்தல், தவழல், நடை, பேச்சு ஆகியவற்றையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயது கடந்தும் நடக்காவிட்டால், 'நோய்ப்பிள்ளைதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

என் தங்கைக்கு இப்போது சொந்தத் தையல் இயந்திரம் இருக்கிறது. கணக்கு இன்றும் கடினம்தான். ஒருநாள் சொன்னாள்: "எல்லாரும் என்ர நெஞ்சைத்தான் பாத்தவை அக்கா. என்னோட ஆர் விளையாடினவை?" அவளை இடுப்பில் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் வைத்த அன்பில் குறையில்லை. அது அவளைக் கீழே இறக்கிவிடத் தெரியாத அன்பாக இருந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து ஒட்டுசுட்டானிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, கோழிக்குஞ்சுக்குப் பின்னால தவண்டு போறான். முழங்கால் முழுக்க மண்" என்றார் அந்தத் தாய். சத்திரசிகிச்சைக்கு இன்னும் திகதி வரவில்லை. ஆனால் அவன் வளர்வதற்குத் திகதி பார்க்கத் தேவையில்லை.