ஒட்டிய கடிதம்

பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 1972 முதல் 2010 வரை 38 ஆண்டுகள் அஞ்சல் துறையில் உழைத்தேன். "வாழ்க்கையில் என்ன சாதித்தீர்கள், தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, நான் பெற்ற பாராட்டிதழ்கள் நினைவுக்கு வருவதில்லை. ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விதான் வருகிறது.

அந்நாளில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அஞ்சலகத்தில் இருந்தேன். முத்திரை குத்துவதும் மணியார்டர் பதிவதும் என் அலுவல். எழுத்தறியாதோர்க்குக் கடிதம் படித்துச் சொல்வதும், அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நானாக விரும்பி ஏற்ற தொண்டு. ஊராரின் பிறப்பும் இறப்பும் கடனும் பிணக்கும் முதலில் என் கண்ணில்தான் பட்டன. அதில் எனக்கு மறைவானதொரு பெருமிதமும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

1987இல் கைம்பெண் ஒருவர், பம்பாயில் வேலை பார்த்த மகனிடமிருந்து வந்த இன்லண்ட் கடிதத்தை நீட்டினார். அங்கேயே திருமணம் செய்துகொண்டதாகவும், இனி ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்றும் அவன் எழுதியிருந்தான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். "இவ்வாண்டு விடுப்புக் கிடைக்கவில்லையாம், பிறகு வருவானாம்" என்று படித்தேன். படிக்கவில்லை, புனைந்தேன். மகிழ்ந்துபோன அவர், மறுவாரமே மகன் கலியாணத்துக்கென மாதம் 10 ரூபாய் கட்டும் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினார். கைநாட்டுக்கு மை தடவிக் கொடுத்தவன் நான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், மாதந்தோறும் பணத்தை வாங்கிப் புத்தகத்தில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன். நாளடைவில் அக்கடிதத்தை மறந்தும் போனேன்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் நாற்று நடும் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற காலம் அது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, மாலைதோறும் பள்ளித் திண்ணைக்குத் தொண்டராய் ஓடினேன். என் வகுப்பில் அந்தத் தாயும் அமர்ந்திருந்தார். அவர் தம் பெயரை முதன்முதலாக எழுதிய நாளில் கைதட்டியவனும் நானே.

1992இல் கணக்கு முதிர்ந்தது. கைநாட்டு வைக்காமல் கையெழுத்திட்டுப் பணம் பெற்றார். பிறகு சுருக்குப் பையிலிருந்து மடிப்புகள் கிழிந்த அந்தப் பழைய கடிதத்தை எடுத்து விரித்தார்.

"ஐயா, நீங்க படிச்சுக் காட்டுனது இதுல எங்க இருக்கு?"

"நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான், அம்மா..." என்று தடுமாறினேன்.

"அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேனே, ஐயா. கலியாணக் காசுன்னு இதைத் தொடாம, அஞ்சு மழைக்கும் ஒழுகுற கூரைக்குக் கீழ கெடந்தேனே."

அவர் குரலில் சினம் இல்லை; அதனால்தான் இன்றும் சுடுகிறது. இரக்கம் என்று நான் எண்ணியிருந்தது, பிறர் துயரைக்கூட என் கைக்குள் வைத்துக்கொள்ளும் அதிகாரமாய் இருந்தது. அழுவதா, பொறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு தாயிடமிருந்து பறித்திருந்தேன்.

அதன்பின் என் தொண்டின் போக்கு மாறியது. வானத்தைப் பற்றி அறியும் ஆவல் எனக்கு இளமை முதலே உண்டு. முன்பெல்லாம் நூல்களில் படித்ததை மேடையேறி விளக்குவேன். 1995 அக்டோபர் 24 அன்று சூரிய கிரகணத்துக்கு அஞ்சி வீடுகள் அடைத்துக் கிடந்தபோது, என் சொல்லை நம்புங்கள் என்று எவரிடமும் கேட்கவில்லை. அட்டையில் ஊசித்துளையிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். குறைந்த கதிரவனின் உருவம் அஞ்சலகச் சுவரில் விழுவதை அவர்களே கண்டார்கள். 2019 டிசம்பர் 26 காலையில், வளையக் கிரகணத்தின்போது வேப்பமர நிழலெங்கும் ஒளி வளையங்கள் சிதறிக் கிடந்தன. ஒரு சிறுமிதான் அவற்றை முதலில் கண்டு கூவினாள். நான் வாய் திறக்கவே இல்லை.

1992இல் பணம் பெற்ற அன்று அந்தத் தாய் மற்றொன்றும் செய்தார். இன்லண்ட் ஒன்று வாங்கி, மூலையில் அமர்ந்து நெடுநேரம் எழுதினார். தாமே பசை தடவி ஒட்டினார். பம்பாய் முகவரியைக் கோணல் எழுத்துகளில் தாமே எழுதி என்னிடம் நீட்டினார். முத்திரை குத்திப் பையில் போட்டேன். சில வாரங்களில் பதில் வந்தது. அதைப் பிரித்துப் படித்தவரும் அவரே.

அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அறியும் ஆவலே என்னை வாழ்நாள் முழுதும் வழிநடத்தியது. அறியாமல் விடவேண்டியவையும் உண்டு என்று கற்பித்தது அந்த ஒட்டிய கடிதம்.