குளிரில் குட்டிக் கோழிகள்

பேண்டம் என்றால் குட்டிக் கோழி. ஜாவா தீவின் பாண்டென் துறைமுகப் பெயர்தான் மருவி இப்படி ஆனது. வெயில் ஊர்ப் பெயரைச் சுமக்கும் இந்தக் கோழிகளை, மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் வளர்க்கிறார்கள். எப்படித் தாங்கும்?

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. உடம்பு சின்னதாக ஆக, எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். அதனால் பெரிய கோழியை விடச் சீக்கிரம் சூட்டை இழக்கும்.

பாவமே என்று புதிதாக வளர்ப்பவர்கள் கூட்டை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிடுவார்கள். அங்கேதான் வம்பு! மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் கொண்டை நுனி கறுத்துச் செத்துப்போகும். கோழி உட்காரும் உயரத்தில் காற்று வீசக்கூடாது. ஆனால் தலைக்கு மேலே, கூரை ஓரத்தில் காற்று போக வழி வேண்டும்.

அடுத்தது ஹீட் லேம்ப். வைக்கோலில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். நள்ளிரவில் கரண்ட் போனால், சூட்டுக்குப் பழகின கோழி திடீர்க் குளிரில் மாட்டிக்கொள்ளும்.

செலவு குறைந்த வழி, உட்கார அகலமான தட்டைப் பலகை. விரல்களை வயிற்று இறகே மூடிவிடும். கீழே காய்ந்த மரச்சீவல், சாயங்காலம் ஒரு பிடி மக்காச்சோளம், உறையாத தண்ணீர். மலேசியாவின் செராமா மாதிரி அரைக்கிலோ தேறாத இனங்களுக்கு மட்டும் வீட்டுக்குள் இடம் வேண்டும்.

மற்றவை இறகை உப்பிக்கொண்டு, ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்துவிடும். போர்வை அதுகளிடமே இருக்கிறது. அது நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.