ஏறின கியரில் இறங்கு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் எங்கள் குடும்பம் காலங்காலமாக அம்பாசிடரில்தான் போய் வந்தது. அப்பா ஒன்று வைத்திருந்தார். பிறகு நான் ஒன்று வாங்கினேன். வேறு கம்பெனி வண்டி எங்கள் வாசலில் நின்றதில்லை. இந்த முறை வால்பாறைக்குக் கிளம்பியது டொயோட்டா ஹைரைடரில். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் வண்டி.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகும் என் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, எனக்கும் மலைச்சாலையில் கிளட்ச் மிதிக்கும் தெம்பு குறைந்துவிட்டது. மாற்றினேன். “நம்ம நாட்டு வண்டியை விட்டுட்டு ஜப்பான்காரன் வண்டியா?” என்று பெரியப்பா கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியும் வண்டியில் கூடவே வந்தது.

பொள்ளாச்சியில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனைப் பார்க்காமல் மலையேறும் வழக்கம் கிடையாது. அம்பாசிடர் வாசலில் நுழையும் சத்தத்தை வைத்தே டேப்பட் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும் என்று சொல்லிவிடக் கூடியவர். புது வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே தடித்த ஆரஞ்சு நிற ஒயர்கள். உயர் மின்னழுத்தம் ஓடுவதற்கான அடையாளம் அந்த நிறம். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“இதுல நான் கை வெக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

“ஆயில் மாத்தலாம், பிரேக் பார்க்கலாம் அண்ணா.”

“அது சரிங்க. வண்டி வழியில நின்னா?”

பதில் சொல்ல முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்.

பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. அம்பாசிடரும் இங்கே பிறந்ததல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவம் அது, 1,489 சி.சி. எஞ்சினும் ஆங்கிலேயருடையதுதான். என் ஹைரைடர் கர்நாடகத்தின் பிடதியில் உருவாகி வந்தது. பிறப்பிடத்தை வைத்து எதைச் சொந்தம் என்பது? அம்பாசிடரை நம்முடையதாக்கியவர்கள் மெக்கானிக்குகள். எந்த ஊரில் நின்றாலும் ஒரு ஸ்பேனரோடு வந்து, ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். அந்த நம்பிக்கையில்தான் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, குழந்தை குட்டிகளோடு வால்பாறை போனோம்.

ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம். வளைவில் பேருந்துக்கு வழிவிட்டு நின்று, மறுபடி நகர்வதுதான் பழைய வண்டியில் பெரிய சோதனை. ஹேண்ட் பிரேக், பாதி கிளட்ச், ஆக்சிலரேட்டர் மூன்றும் ஒத்துப் போக வேண்டும். இதில் அந்தப் பாடே இல்லை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையோடு தள்ளுகிறது. இதன் 1.5 லிட்டர் எஞ்சின் அட்கின்சன் முறையில் ஓடுவது. எரிபொருளை மிச்சம் பிடிக்கும், தொடக்க இழுவை மட்டும் குறைவு. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. ஒன்பதாம் வளைவில், லோம்ஸ் வியூ முனையில் நிறுத்தினோம். கீழே ஆழியாறு அணை நீலமாகக் கிடந்தது. பாறை விளிம்பில் வரையாடுகள் மேய்ந்தன.

என் மனம் முழுக்க இறக்கத்தின் மேல்தான். மலையேற அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம், ‘ஏறின கியரில் இறங்கு’. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறி, கட்டுப்பாடு இழந்த வண்டிகளின் கதை அத்தனை மலைப் பாதைகளிலும் உண்டு. கியரே இல்லாத வண்டியில் அந்தப் பாடத்துக்கு என்ன பொருள்?

மறுநாள் இறங்கினோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் டைனமோவாக மாறியது. சக்கரத்திலிருந்து மின்கலத்துக்கு மின்சாரம் ஓடுவதைத் திரை காட்டியது. இத்தனை வருஷம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போன ஆற்றல் திரும்பக் கைக்கு வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க மனம் நிறைந்தது. ஆனால் சில வளைவுகளிலேயே மின்கலம் நிரம்பிவிட்டது. கணக்குப் போட்டால் புரியும்: ஆட்களோடு ஒன்றரை டன் வரும் வண்டி 700 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 3 யூனிட் ஆற்றல் வெளிப்படும். மின்கலத்தில் அடங்குவதோ 0.76 யூனிட். மிச்சத்தை வேறு வழியில் தாங்க வேண்டும். லீவரை ‘பி’ (B) என்ற இடத்துக்குத் தள்ளினேன். எஞ்சின் உறுமியது, பெட்ரோல் எரியாமல், வெறுமனே சுழன்று வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடித்தது. அப்பாவின் பாடம் அப்படியே செல்லுபடியாகிறது. மலைக்கு வண்டியின் பிராண்ட் தெரியாது.

எரிபொருளும் புகையும் குறைவதால் மாற்றியது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மெக்கானிக் அண்ணனின் கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. இப்போது ஐ.டி.ஐ.களில் மின்வாகன மெக்கானிக் பிரிவு வந்திருக்கிறது. பட்டறையில் கையால் கற்ற ஆயிரக்கணக்கான பேருக்கும் அந்தப் படிப்பு போய்ச் சேர வேண்டும். உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் முறையும், சோதனைக் கருவியும், பழுதுபார்க்கும் குறிப்பேடும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கதவுக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது. மோரிஸை நம்முடையதாக்கியவர்களிடம் இந்த வித்தையையும் கொடுத்துவிட்டால், ஜப்பான் வண்டியா என்று அடுத்த தலைமுறையில் யாரும் கேட்க மாட்டார்கள்.