பெட்டியைத் தாங்கிய மேடை

தாராவியில் எங்கள் வீட்டு முன்னறையின் மூலையில் ஒரு கான்கிரீட் மேடை உண்டு. நீளமும் அகலமும் மும்மூன்று அடி; தரைக்கு மேலே ஓரடி, கீழே அரையடி. புதிதாக வருவோர் அதனைச் சாமி மேடை என்றே எண்ணுவர். அதன்மேல் வீற்றிருப்பதோ 350 கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி. அம்மேடை எழுந்த காரணத்தை இம்மலரில் சொல்லக் கருதினோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்தவர்களுள் எங்கள் பாட்டனாரும் ஒருவர். கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய வணிகர் ஒருவரிடம் எங்கள் தந்தையார் அப்பெட்டியை விலைக்கு வாங்கினார். 1897இல் பூட்டுத் தொழில் தொடங்கிய அர்தேசிர் கோத்ரேஜ், 1902இல் இரும்புப் பெட்டியும் செய்து புகழ் பெற்ற நகரம் இது. எங்கள் பெட்டியிலோ செய்தவர் பெயர்த்தகடு கூட இல்லை. ஆயினும் தெருவுக்கே அது வங்கியாயிற்று. அண்டை வீட்டார் தத்தம் ரேஷன் அட்டையையும், 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டித் தரப்பட்ட போட்டோ பாஸையும் தந்தையாரிடம் ஒப்படைத்தனர். ரசீது கேட்டவர் எவருமில்லை.

2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை புரண்டது. எங்கள் வீட்டினுள் முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. வடிந்த பின் பார்த்தால் பெட்டி ஒருபுறம் சாய்ந்திருந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது கீழ்த்தட்டுக் காகிதங்கள் கூழாகக் கிடந்தன. திருடனுக்கு அஞ்சாத பெட்டி நீருக்கு அஞ்சும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

எதிர்வீட்டு ஆச்சியின் போட்டோ பாஸில் எழுத்தும் இல்லை, முகமும் இல்லை. தந்தையார் தலைகுனிந்து நின்றார். “காயிதந்தானே போச்சு அண்ணாச்சி, ஆளு இருக்கம்லா” என்றார் ஆச்சி. ஆனால் காகிதமின்றி ஆள் இருப்பதை ஏற்கும் அலுவலகம் உண்டோ? அரசு வரையறுத்த நாளுக்கு முன்னிருந்தே குடியிருந்ததாக நிறுவினால்தான் இலவச மாற்று வீட்டுக்கு உரிமை. மத்திய அரசு எழுத்தராகப் பிறரிடம் ஆதாரம் கேட்டுப் பழகிய நாங்கள், அந்த ஆண்டு ஆச்சியை அழைத்துக்கொண்டு சாளரத்தின் மறுபக்கம் நின்றோம். பழைய வாக்காளர் பட்டியலின் நகல் ஒன்றைப் பெறுவதற்குள் மாதங்கள் கடந்தன. அதன்பின் எங்கள் மேசைக்கு வரும் முதியோரை “நாளை வாருங்கள்” என்று சொல்ல நா எழுவதில்லை.

அக்டோபரில் எங்கள் ஊர்க் கொத்தனார் வந்து தரையைத் தட்டிப் பார்த்தார். “இது சதுப்பை மூடுன மண்ணு அண்ணாச்சி. பெட்டி நாலு காலுல ஊனி நிக்கி. பாரத்தைப் பரப்பி விட்டாத்தான் மண்ணு தாங்கும்” என்றார். தரையைத் தோண்டி, செங்கல் உடைசலைப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். அதன்மேல் கம்பிவலை. சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு எனக் கலந்தார். “கொஞ்சம் இளக்கமா இருந்தா ஊத்த லேசாயிருக்குமே” என்றோம். “தண்ணி கூடுனா பலம் கொறையும்” என்று தடுத்துவிட்டார். பெட்டியின் அடியிலிருந்த துளைகளுக்கு நேராக நான்கு போல்ட்டுகளை ஈரக் கான்கிரீட்டிலேயே நிறுத்தினார். ஈரச்சாக்கு போர்த்தி, வேளை தவறாமல் நீர் தெளித்தோம். முழுப் பலம் ஏற 28 நாள் பொறுத்தோம். பின்னர் கடப்பாரையால் நெம்பி, கட்டை கட்டையாக அடியில் வைத்து, ஆறு பேர் கூடிப் பெட்டியை மேலேற்றினோம். கணக்கிட்டால் மேடையின் எடை மட்டுமே ஏறத்தாழ 900 கிலோ. தாங்கப்படுவதைவிடத் தாங்குவது கனம்.

அன்று மாலை ஆச்சி வந்தார். புதிதாகப் பெற்ற நகலைத் தந்தையாரிடம் நீட்டினார். “இன்னுமா எங்களை நம்புதிய?” என்றார் தந்தையார். “பொறவு யார்ட்ட குடுப்பேன்?” என்றார் ஆச்சி. தந்தையார் அதனை நெகிழிப் பையில் இட்டு மேல்தட்டில் வைத்தார். இன்னொரு ஜூலை 26 வந்தால் ஓரடி மேடை போதாது என்பதை அவர் மறக்கவில்லை.

இன்று தந்தையாரும் இல்லை, ஆச்சியும் இல்லை. 2024இல் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, ஆச்சியின் மகன் வந்து அந்த நகலைப் பெற்றுச் சென்றார். ஈரம் படாத தாளைக் கண்டதும் தந்தையாரின் தலைகுனிவு சற்றே நிமிர்ந்ததாக எங்களுக்குத் தோன்றிற்று.

நாளை அடுக்குமாடி வீடு கிடைக்கலாம். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கென்றே கணக்கிடப்படுவது. மேலே வீடு வாய்த்தால் இத்தகைய மேடையை அங்கே ஊற்ற இயலாது. பெட்டியை வைக்கவும் பொறியாளரைக் கேட்க வேண்டும். மேடையோ இம்மண்ணிலேயே உடைபடும். அதற்காக வருந்தவில்லை. கேட்காமலே கொடுத்து, இழந்த பின்னும் மீண்டும் கொடுத்த அந்த அயலார் அடுத்த கதவில் வாய்ப்பார்களா என்பதே எங்கள் கவலை.