கிளையில் தொங்கிய கட்டுச்சோறு

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவிலேயே பொழுது விடிந்துவிடுகிறது. காவிரிக் கரை ஊர்களிலிருந்து வாழை இலைக் கட்டுகளும் வாழைத்தார்களும் வந்து இறங்குகின்றன. வெங்காய மூட்டைகளைத் தோளில் சுமந்தபடி தொழிலாளர்கள் விரைகின்றனர். அவரவர் சரக்கை அவரவரே காத்துக்கொள்ள வேண்டும். ஆனால், தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் காவல் வேண்டாத சரக்கு ஒன்று உண்டு. அது உப்பு. இரவில் கடையைப் பூட்டிய பின்னும் உப்பு மூட்டை கதவுக்கு வெளியிலேயே கிடக்கும். அதை எடுத்துச் செல்வார் எவருமிலர். எடுத்துச் செல்லும் அளவுக்கு அதற்கு விலையும் இல்லை.

அத்தகைய எளிய பொருளைக் கடற்கரையில் குனிந்து அள்ளியதற்காக மக்கள் சிறை சென்ற காலம் ஒன்று இருந்தது. உப்பை அள்ளச் சென்றவர்களுக்கு ஒரு வேளைச் சோறு இட்டதற்காகவும் சிலர் சிறை சென்றனர். உப்பு அள்ளியவர்களின் வரலாறு விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. சோறிட்டவர்களின் வரலாறோ அதன் ஓரத்தில் சில வரிகளாக நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்தச் சில வரிகளைப் பற்றியது.

காந்தி மார்க்கெட்டின் முகப்பருகே முதல் உலகப் போரின் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆங்கில அரசின் அழைப்பை ஏற்று இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர்களுக்காக எழுப்பப்பட்டது அது. அதே அரசின் ஆணையை ஏற்க மறுத்தவர்களின் நடைப்பயணமும் இதே நகரிலிருந்துதான் தொடங்கியது. 1930 ஏப்ரல் 13 அன்று விடியற்காலையில், திருச்சி கண்டோன்மென்டில் இருந்த மருத்துவர் தி.சே.சௌ. ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து அன்றோடு பதினோர் ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் உப்பெடுத்து ஒரு வாரமே ஆகியிருந்தது. இந்த நடைப்பயணத்திற்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார் எழுதிய பாடலைத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிச் சென்றனர்.

பயணம் தொடங்கிய இல்லத்துக்கு உரியவரைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ராஜன் திருவரங்கத்தில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மருத்துவம் பயில்வதற்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் வ.வே.சு. ஐயர் முதலிய புரட்சியாளர்களுடன் பழகினார். கடல் கடத்தல் ஆகாது என்பது அக்காலத்து வைதிகர்களின் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டை மீறியவர் என்பதால், ஊர் திரும்பிய மருத்துவரை அவர்கள் விலக்கி வைத்தனர். நோய் தீர்க்கக் கற்றுவந்தவரைத் தீண்டத்தகாதவர் போல நடத்திய அந்த முரண்பாடு, அன்று பலருக்கு முரண்பாடாகவே தோன்றவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் என்ன நேரும் என்பதை அரசின் சட்டத்தை மீறுவதற்கு முன்பே அவர் பட்டறிந்திருந்தார். தம் வாழ்க்கையைப் பிற்காலத்தில் 'நினைவு அலைகள்' என்னும் நூலாக அவர் எழுதினார்.

தொண்டர்கள் நடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். குறிக்கப்பட்ட காலம் பதினைந்து நாள். வழியில் அமைந்த ஊர்களில் பெரும்பாலானவை அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் ஆட்சியர் ஜே.ஏ. தார்ன். தொண்டர்களைத் தடியால் அடித்துக் கலைத்தால் ஊரெங்கும் அவர்கள் மீது இரக்கம் பிறக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். ஆகவே வேறு வழியைத் தேர்ந்தார். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157 ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்படுவர் எனத் தமிழில் துண்டறிக்கைகள் அச்சிட்டுப் பரப்பினார். ஆறு மாதம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் என்பது அதன் பொருள். சித்திரை வெயிலில் உணவின்றி நூறு பேர் எத்தனை நாள் நடப்பார்கள்? பசியே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது ஆட்சியரின் கணக்கு.

அவருடைய பெயர் ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. முட்களைப் போட்டு விடுதலை வெள்ளத்தைத் தடுக்க முடியாது என்று அப்பெயரை வைத்தே இராஜாஜி சிலேடையாகச் சொன்னார்.

தார்ன் திறமையான அலுவலர்தாம். எனினும் எந்த நாட்டில் அந்த ஆணையைப் பிறப்பித்தோம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தஞ்சை மண்ணில் வழிப்போக்கருக்குச் சோறிடுவது தனிமனிதரின் இரக்கச் செயல் மட்டுமன்று. அதற்கென்றே கட்டடங்கள் இருந்தன, நிலங்கள் இருந்தன. இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காக மராத்திய மன்னர்கள் பெருவழிகளில் சத்திரங்களை எழுப்பினர். தொண்டர்கள் கடந்து செல்ல வேண்டிய நீடாமங்கலத்திலும் யமுனாம்பாள் சத்திரம் உண்டு. 'யார், எந்த ஊர், என்ன சாதி?' என்று கேட்கும் வழக்கம் நிறைந்த சமூகந்தான் அது. ஆயினும் பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற எண்ணமும் அதே சமூகத்தில் ஊறியிருந்தது. தலைமுறைதோறும் அறம் என்று போற்றப்பட்ட செயலை ஒரு துண்டறிக்கை குற்றமாக்கியது.

மக்கள் முதலில் அஞ்சினர். அஞ்சியதில் வியப்பில்லை, ஆறு மாதச் சிறை என்பது ஓர் உழவனுக்கு ஒரு போகத்தின் விளைச்சல். வெளிப்படையாக இலை போட்டுப் பரிமாறுவோர் குறைந்தனர். ஆனால், பாதையோர மரங்கள் வேறு கதை சொல்லின. தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டிவைத்தார் என்று கேட்டால் விடை கூற எவரும் இல்லை. மரத்தின் மீது வழக்குத் தொடுக்க இயலாதே! ஆற்றங்கரையில் அவர்கள் இளைப்பாறிய இடங்களில் உணவுப் பாத்திரங்கள் மண்ணுள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. அவை இருக்கும் இடம் குறிப்பால் உணர்த்தப்பட்டது. நூறு பேருக்கு உணவு என்றால் ஒரு வீட்டு அடுப்பில் முடியும் செயலன்று. பல வீடுகளில் இரவோடு இரவாக உலை ஏறியிருக்க வேண்டும். அரிசி களைந்தவர், இலை தைத்தவர், இருட்டில் சுமந்து சென்றவர் என எத்தனை பேர் அதில் பங்கு கொண்டிருப்பர்! அவர்களுள் பெண்களே மிகுதியாக இருந்திருப்பர் என்று எண்ண இடமுண்டு. அவர்களில் எவர் பெயரும் பட்டியலில் இல்லை.

மறைவாகச் செய்ய விரும்பாதவர்களும் இருந்தனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து உணவளித்தார். அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். சட்டம் இன்னது என்று அறியாமல் செய்தார் என எவரும் சொல்ல முடியாது. அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. திருத்துறைப்பூண்டியில் சத்திரம் நடத்திய இராமச்சந்திர நாயுடுவும் கைது செய்யப்பட்டார். ஒவ்வொரு கைதுக்குப் பின்னும் அடுத்த ஊரில் வரவேற்பு குறையவில்லை. அரசிடம் மக்களுக்குப் பற்று என்று ஒன்று முன்னர் இருந்திருந்தால் அது இப்போது இறந்துவிட்டது என்னும் கருத்துப்பட ஆட்சியர் தார்ன் தம் மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது. தோல்வியை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

திட்டமிட்டபடி ஏப்ரல் 28 அன்று தொண்டர்கள் வேதாரண்யத்தை அடைந்தனர். அங்கே அவர்களுக்கான ஏற்பாடுகளைச் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அன்று இராஜாஜி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறை. அதன்பின் நாள்தோறும் தொண்டர்கள் உப்பள்ளினர். நாள்தோறும் தடியடி நிகழ்ந்தது. உப்பைப் பற்றிய கையை விரிக்க மறுத்தவர்களின் விரல்கள் நசுங்கின.

இவற்றைக் கண்ணெதிரே கண்ட வேதாரண்யம் பகுதி மக்கள், தாம் செய்யக்கூடியது யாது என்று எண்ணினர். அவர்களிடம் படையில்லை, பதவியில்லை. செய்தொழில் இருந்தது. கடைக்காரர்கள் காவலர்களுக்குப் பொருள் விற்க மறுத்தனர். சலவைத் தொழிலாளர்கள் அவர்களின் துணியை வெளுக்க மறுத்தனர். முடிதிருத்தும் தொழிலாளர்கள் தம் கத்தியைத் தொட மறுத்தனர்.

இம்மூவருள் பின்னிருவர் செய்ததன் அருமை இன்றைய மாணவர்களுக்கு எளிதில் விளங்காது. கடைக்காரர் 'இல்லை' என்று சொல்வது வணிகத்தில் இயல்பு. சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துபவரும் அன்று அத்தகைய உரிமை உடையவர் அல்லர். ஊருக்குத் தொண்டு செய்யப் பிறந்தவர்கள் என்று அவர்களைச் சமூகம் வகுத்திருந்தது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளக்கப்படும் நெல்லே அவர்களின் ஊதியம். அழைத்தால் வர வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும். நிலவுடைமையாளர் ஒருவர் அரசை எதிர்ப்பதற்கும், தலைமுறை தலைமுறையாக மறுத்துப் பழகாத ஒருவர் 'செய்ய மாட்டேன்' என்று சொல்வதற்கும் வேறுபாடு பெரிது. முன்னவர் ஒரு சட்டத்தை மீறினார். பின்னவர் அந்தச் சட்டத்தையும், அதைவிடப் பழைய வழக்கத்தையும் ஒருங்கே மீறினார்.

அவ்வாறு மீறியவர்களுள் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளியின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருநாள் ஒருவர் வந்து முன்னே அமர்ந்தார். சீருடையில் இல்லை. வைரப்பன் வழக்கம்போல் முகம் மழிக்கத் தொடங்கினார். பாதி முடிந்த நிலையில், வந்திருப்பவர் காவலர் என்பது தெரியவந்தது. அவர் கத்தியை மடக்கினார். மீதியை மழிக்குமாறு காவலர் அதட்டியும் அவர் இசையவில்லை. செய்தி நீதிபதியின் முன் சென்றது. தொடங்கிய தொழிலை முடித்துவிடுமாறு நீதிபதி கட்டளையிட்டார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது, நான்கைந்து நிமிட வேலை. முடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். எவரும் அவரைக் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள்.

வைரப்பன் தம் கருவிப் பெட்டியை எடுத்து நீதிபதியின் முன் வைத்தார். தம்மால் இயலாது என்றும், வேண்டுமானால் நீதிபதியே அதைச் செய்துகொள்ளலாம் என்றும் கூறினார்.

நீதிமன்றத்தில் எவர் முன் எவர் தலை தாழ்த்த வேண்டும் என்பது எழுதப்படாத ஒழுங்கு. நீதிபதியின் கையில் சவரக் கத்தியைக் கற்பனை செய்துகாட்டிய அந்த ஒரு சொல், அவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. சினமோ வசையோ அதில் இல்லை. சவரத்தை இழிதொழில் என்று கருதியவர்களிடம், அத்தொழிலின் பெட்டியையே அவர் நீட்டினார்.

அவருக்கும் ஆறு மாதச் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. கும்பகோணத்துப் பந்துலு ஐயருக்கும், உப்பை அள்ளிய இராஜாஜிக்கும் விதிக்கப்பட்ட அதே ஆறு மாதம். வைரப்பனுக்கு இன்று வேதாரண்யத்தில் நினைவுத் தூண் உள்ளது.