முள் மேற்கே திரும்பிய இடம்

ஃபோனில் காம்பஸைத் திறந்தால் ஒரு நொடியில் வடக்கு தெரிந்துவிடும். ஆனால் எந்த வடக்கு? பூமியின் வடமுனை ஒரு பக்கம், காந்த முள் காட்டும் வடக்கு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் இடத்துக்கு இடம் வேறுபடும், காலப்போக்கிலும் மாறும்.

இன்று ஐடி வேலை பார்த்தாலும், பொறியியல் படித்தபோது நில அளவைப் பயிற்சியில் இரண்டு காம்பஸ்களைக் கையாண்டிருக்கிறேன். பிரிஸ்மாட்டிக் காம்பஸில் குறியைப் பார்த்துக்கொண்டே, பட்டகத்தின் வழியாக 0 முதல் 360 பாகை வரை அளவைப் படிக்கலாம். சர்வேயர் காம்பஸை முக்காலியில் வைத்து, குறிபார்த்த பிறகு மேலிருந்து முள்ளின் நுனியைப் படிக்க வேண்டும். அது வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ 90 பாகைக்குள் கணக்கிடும். ஒரு கோட்டை இரு முனைகளிலிருந்தும் அளந்தால் 180 பாகை வித்தியாசம் வரவேண்டும். இரும்பு வேலிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அது வரவில்லை. அருகில் இரும்பு இருந்தால் முள் அதன் பக்கம் இழுபடும்.

1844 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் காட்டில் வில்லியம் ஆஸ்டின் பர்ட் குழுவினருக்கும் இதுதான் நடந்தது. இன்றைய நெகானி ஊருக்கு அருகே, வடக்கைக் காட்ட வேண்டிய முள் ஏறத்தாழ மேற்கைக் காட்டியது. காலடியில் இரும்புத்தாது! ஆனாலும் அளவை நிற்கவில்லை. சூரியனை வைத்து உண்மையான வடக்கைக் கண்டுபிடிக்கும் சோலார் காம்பஸுக்கு பர்ட் 1836இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அது ஓஜிப்வே மக்களின் நிலம். 1842 ஒப்பந்தத்தில் அது அவர்கள் கையைவிட்டுப் போனது. அதன் பிறகுதான் காம்பஸ் வந்தது. 1845இல் அந்தத் தாது இருக்கும் இடத்தைச் சுரங்கக்காரர்களுக்குக் காட்டியவர் மார்ஜி கெசிக் என்ற ஓஜிப்வே தலைவர். அவருக்கு வாக்களித்த பங்கு கிடைக்கவில்லை. அவருடைய மகள் ஷார்லட் வழக்காடினார். 1889இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்கள் வீட்டில் பழைய காணி வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வடக்கு அம்பு காந்த வடக்கா, உண்மை வடக்கா? எந்த ஆண்டு வரைந்தது? இன்று நீங்கள் வசிக்கும் ஊரின் வரைபடத்தையும் தேடிப் பாருங்கள். அந்தக் கோடுகளை இழுப்பதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அதை எந்தக் காம்பஸும் காட்டாது.